விக்கித்தரவு வினவல் சேவை: டிசம்பரில் பிறந்த தலைவர்கள் பட்டியலை இதை நம்பி எடுக்கலாமா?

பள்ளித் தகவல் பலகை, நூலகக் கண்காட்சி, மாத இதழின் கடைசிப் பக்கம் என்று ‘இம்மாதம் பிறந்தவர்கள்’ பட்டியல் கேட்கும் இடங்கள் நிறைய. வழக்கமாக இது எங்கிருந்து வருகிறது? போன வருடப் பலகையைப் பார்த்துத் திரும்ப எழுதுவது, தினசரி காலண்டர் தாளைப் புரட்டுவது, பிறந்தநாள் தொகுக்கும் இணையதளங்களில் இருந்து அப்படியே எடுத்து ஒட்டுவது. மூன்றிலும் ஒரே குறை: தேதி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் கிடையாது.

விக்கித்தரவு வினவல் சேவை அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறது. விக்கிப்பீடியாவின் பின்னால் இருக்கும் தரவுக் களஞ்சியம் விக்கித்தரவு. அதில் ஒரு கோடிக்கு மேற்பட்ட மனிதர்களுக்குத் தனித்தனிப் பக்கம் உண்டு. அந்தக் களஞ்சியத்திடம் நேரடியாகக் கேள்வி கேட்டு அட்டவணையாகப் பதில் வாங்கித் தருவதுதான் வினவல் சேவை. காசு கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டாம். ஸ்பார்க்கிள் என்ற வினவல் மொழியில் பதினைந்து வரி எழுதத் தெரிந்தால் போதும். எழுதத் தெரியாதவர்களுக்குச் சொடுக்கிச் சொடுக்கிக் கேள்வியை அமைக்கும் கருவியும் தனியாக உண்டு. ஆனால் ‘எந்த வருடமானாலும் சரி, மாதம் டிசம்பராக இருக்க வேண்டும்’ என்று கேட்க அதில் வழியில்லை. இந்த வேலைக்கு நேரே எழுத்துப் பெட்டிக்குப் போவதுதான் உத்தமம். கைபேசியில் முயல வேண்டாம். பெரிய திரையும் விசைப்பலகையும் இல்லாமல் அடைப்புக்குறிகளைச் சரிபார்ப்பதற்குள் பொறுமை போய்விடும்.

முதலில் தோன்றும் கேள்வி எளிமையானது. விக்கித்தரவில் ஒவ்வொரு பொருளுக்கும் ‘கியூ’ (Q) என்றும் ஒவ்வொரு பண்புக்கும் ‘பி’ (P) என்றும் தொடங்கும் எண் உண்டு. ‘மனிதர்’ என்ற வகைக்கு எண் கியூ5. அது ‘இன்னது ஒரு’ என்ற பண்பான பி31-இல் வரும். பிறந்த தேதிக்குப் பண்பு எண் பி569. மாதத்தைப் பிரித்தெடுக்கும் செயற்கூறு ஒன்று உண்டு. அது 12 ஆக இருக்க வேண்டும் என்று வடிகட்டி போடலாம். எண்கள் மறந்துபோனால் பெயரின் முதல் சில எழுத்துகளை அடித்து கன்ட்ரோலும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் பெட்டியே தேடித் தரும்.

இப்படியே ஓட்டினால் ஒன்றும் வராது. ஒரு கேள்விக்கு 60 விநாடிதான் அனுமதி. அதற்கு மேல் போனால் நேரம் முடிந்தது என்ற பிழைச் செய்தியோடு நின்றுவிடும். கோடிப் பேரின் தேதியையும் ஒவ்வொன்றாக எடுத்து மாதம் பார்ப்பது அந்த 60 விநாடிக்குள் அடங்காது. ஆகவே கூட்டத்தை முதலிலேயே குறைக்க வேண்டும். தமிழ் வாசகருக்குப் பொருத்தமான வழி, தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை உள்ளவர்கள் மட்டும் என்ற நிபந்தனை. தமிழ் விக்கிப்பீடியாவின் மொத்தக் கட்டுரைகளே லட்சக் கணக்கில்தான். அதில் மனிதர்கள் ஒரு பகுதி. கூட்டம் சுருங்கியதும் கேள்வி ஓடும். இன்னொரு பயனும் உண்டு: பட்டியலில் வரும் ஒவ்வொருவரைப் பற்றியும் மாணவர் தமிழிலேயே படிக்க ஒரு பக்கம் இருக்கிறது என்பது உறுதி.

பெயர்களைத் தமிழில் காட்டும் பெயர்ச்சுட்டிச் சேவையைக் கேள்வியின் உள்பகுதியில் வைக்காதீர்கள். உள்ளே ஆட்களைத் தேடி, வரிசைப்படுத்தி, முதல் 150 பேரை மட்டும் எடுத்துவிட்டு, வெளிப்பகுதியில் பெயர் கேட்க வேண்டும். இடம் மாறினால் தேவையில்லாத ஆயிரக் கணக்கான பேருக்கும் பெயர் தேடிக்கொண்டிருக்கும். மறுபடியும் 60 விநாடி முடிந்துவிடும். மொழி என்ற இடத்தில் தமிழை முதலிலும் ஆங்கிலத்தை இரண்டாவதாகவும் தாருங்கள். தமிழை மட்டும் தந்தால், தமிழ்ப் பெயர் பதியப்படாதவர்கள் வெறும் கியூ எண்ணாக நிற்பார்கள்.

வரிசைக்கு என்ன அளவுகோல்? ஒருவருக்கு எத்தனை விக்கித் தளங்களில் பக்கம் இருக்கிறது என்ற எண்ணிக்கை களஞ்சியத்திலேயே உண்டு. புகழுக்கு அது ஏறக்குறைய ஒரு அளவு. ஆனால் அதை அப்படியே விட்டால் கால்பந்து வீரர்களும் நடிகர்களும் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். டிசம்பர் 11-இல் பாரதியோடு விசுவநாதன் ஆனந்தும் (1969), மறுநாள் ரஜினிகாந்தும் (1950) வருவார்கள். அவர்கள் மேல் குறையில்லை. பட்டியலின் தலைப்பு ‘வரலாற்று மனிதர்கள்’ என்றால் அது வேறு. இறந்த தேதி (பி570) பதிவாகியிருக்க வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்த்தால் வாழ்பவர்கள் விலகிவிடுவார்கள். பிறந்த ஆண்டு 1930-க்கு முன் என்று இன்னொரு வரி போட்டால் பட்டியல் இன்னும் சுத்தமாகும்.

இதுவரை வேகத்துக்கான வேலை. சரியான விடைக்கு இனிமேல்தான் வேலை இருக்கிறது.

ஆண்டு மட்டும் தெரிந்த ஒருவரை விக்கித்தரவு எப்படி வைத்திருக்கிறது? வினவலில் அது அந்த ஆண்டின் ஜனவரி 1 என்று வந்து நிற்கும். மாதம்வரை மட்டும் தெரிந்தால் அம்மாதத்தின் 1-ஆம் தேதி. தேதியோடு ‘துல்லியம்’ என்ற எண் ஒன்று ஒட்டியிருக்கும்: 9 என்றால் ஆண்டுவரை, 10 என்றால் மாதம்வரை, 11 என்றால் நாள்வரை தெரியும் என்று பொருள். இதைக் கேட்காமல் ஜனவரிப் பட்டியல் எடுத்தால், பிறந்த மாதமே தெரியாத புலவர்களும் மன்னர்களும் வரிசையாக ஜனவரி 1-இல் பிறந்திருப்பார்கள். டிசம்பர் பட்டியலில் இது கண்ணில் படாது. அதனால் டிசம்பரில் எழுதிச் சரிபார்த்த கேள்வியை அடுத்த மாதம் 12-ஐ 1 ஆக்கி ஓட்டும்போதுதான் குட்டு உடையும்.

துல்லியத்தைக் கேட்க வேண்டுமானால் பி569-ஐச் சுருக்கவழியில் (டபிள்யூடிடி என்ற முன்னொட்டு) கேட்டால் போதாது. தேதியும் அதன் துல்லியமும் தரமும் சேர்ந்த பதிவான முழுக் கூற்று வழியில் (பி, பிஎஸ்வி முன்னொட்டுகள்) போக வேண்டும். அங்கே ஒரு குழி. சுருக்கவழி ஒவ்வொருவருக்கும் மிகச் சிறந்த தரத்தில் உள்ள தேதியை மட்டும் தரும். முழுக் கூற்று வழி, தவறு என்று தள்ளப்பட்ட தேதியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். ஸ்டாலினை எடுத்துக்கொள்ளுங்கள். சோவியத் அரசு கொண்டாடியது 21 டிசம்பர் 1879. தேவாலயப் பதிவேட்டின்படி அவர் பிறந்தது இன்றைய நாட்காட்டியில் 18 டிசம்பர் 1878. தள்ளுபடித் தரத்தில் உள்ள தேதிகளும் வந்தால் இப்படிப்பட்டவர்கள் இரண்டு வரியில் தோன்றுவார்கள். ‘சிறந்த தரம்’ என்ற நிபந்தனையைக் கூற்றின் மேல் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. அதற்குப் பிறகும் ஒருவர் இரண்டு முறை வந்தால் அது பிழையல்ல. சம தரத்தில் இரண்டு தேதிகள் பதிவாகியுள்ளன என்று பொருள். அவரது பக்கத்தைத் திறந்து, எந்தத் தேதிக்கு உருப்படியான சான்று தரப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது நாட்காட்டி. இந்தச் சேவையில் மிகப் பெரிய சிக்கல் இதுதான். மற்றப் பட்டியல்கள் பெரும்பாலும் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஐசக் நியூட்டன் கிறிஸ்துமஸ் நாளில் பிறந்தவர் என்று படித்திருப்போம். 25 டிசம்பர் 1642 என்பது அன்றைய இங்கிலாந்து பின்பற்றிய ஜூலியன் நாட்காட்டித் தேதி. நாம் இன்று பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டியில் அது 4 ஜனவரி 1643. விக்கித்தரவின் பக்கத்தில் ஜூலியன் என்று குறித்த தேதி அப்படியே காட்சி தரும். ஆனால் வினவல் சேவை நாள்வரை துல்லியமான எல்லாத் தேதிகளையும் கிரிகோரியனுக்கு மாற்றித்தான் பதில் தருகிறது. ஆகவே மாதம் 12 என்று கேட்டால் நியூட்டன் வரமாட்டார். கலிலியோ இறந்த அதே ஆண்டில் நியூட்டன் பிறந்தார் என்று பலகையில் எழுதுவதும் இதே கோளாறின் பிள்ளைதான். கலிலியோ இறந்த 8 ஜனவரி 1642 கிரிகோரியன் தேதி. இரண்டு நாட்காட்டிகளைக் கலந்தால் மட்டுமே ஆண்டு ஒன்றாக வரும்.

நியூட்டன் மட்டுமல்ல. யோகான்னஸ் கெப்ளர் பிறந்தது 27 டிசம்பர் 1571. கிரிகோரியன் நாட்காட்டி 1582-இல்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே இது ஜூலியன் தேதி, மாற்றினால் 6 ஜனவரி 1572. பாட்னாவில் பிறந்த குரு கோவிந்த் சிங்குக்குப் புத்தகங்கள் தரும் தேதி 22 டிசம்பர் 1666. மாற்றினால் 1 ஜனவரி 1667. ஜூலியன் என்ற குறி சரியாக இடப்பட்டிருந்தால் மூவரும் உங்கள் டிசம்பர் பட்டியலில் இருந்து நழுவிவிடுவார்கள். குறி தவறாக இருந்தால் நழுவமாட்டார்கள். அதாவது தரவு சரியாக இருக்கும்போதுதான் பட்டியல் தவறும்! எதிர்த்திசையிலும் இது நடக்கும்: அயர்லாந்து எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் பிறந்த 30 நவம்பர் 1667, மாற்றினால் 10 டிசம்பர். ஆனால் டைக்கோ பிராகிக்கு ஆபத்தில்லை. 14 டிசம்பர் 1546 மாறி 24 டிசம்பர் ஆனாலும் மாதம் அதேதான்.

கணக்கு எளிது. 16, 17-ஆம் நூற்றாண்டுத் தேதிகளுக்கு வித்தியாசம் 10 நாள். 18-ஆம் நூற்றாண்டுக்கு 11, 19-ஆம் நூற்றாண்டுக்கு 12, 20-ஆம் நூற்றாண்டுக்கு 13. (நூற்றாண்டு மாறும் இடம் ஜனவரி 1 அல்ல, 1700, 1800, 1900 ஆகிய ஆண்டுகளின் பிப்ரவரிக் கடைசி.) மாதக் கடைசியின் பத்துப் பன்னிரண்டு நாள்களில் பிறந்தவர்களே மாதம் தாண்டுகிறவர்கள். பிரிட்டன் 1752-இல் மாறியது: செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. ரஷ்யா 1918-இல்: ஜனவரி 31-க்கு மறுநாள் பிப்ரவரி 14. இந்த இரண்டு ஆண்டுகளை நினைவில் வைத்தால் யாரைச் சந்தேகிக்க வேண்டும் என்பது தெரியும்.

எந்தத் தேதியை அச்சிடுவது? இதில் ஒரே விதி கிடையாது, வழக்கம்தான் உண்டு. ரஷ்யர்களுக்குப் புதிய தேதியே வழக்கம்: புஷ்கின் 26 மே 1799 அல்ல, 6 ஜூன், டால்ஸ்டாய் 28 ஆகஸ்ட் 1828 அல்ல, 9 செப்டம்பர், மெண்டலீவ் 27 ஜனவரி 1834 அல்ல, 8 பிப்ரவரி. ஜார்ஜ் வாஷிங்டனுக்கும் புதியதான 22 பிப்ரவரி 1732. நியூட்டன், கெப்ளர், குரு கோவிந்த் சிங் போன்றவர்களுக்கோ பழைய தேதியே நிலைத்துவிட்டது. கேள்வியில் நாட்காட்டி வகையையும் ஒரு பத்தியாக (அட்டவணையின் நெடுவரிசையாக) கேட்டு வாங்குங்கள். கியூ1985786 என்றால் ஜூலியன், கியூ1985727 என்றால் கிரிகோரியன். வடிகட்டியை 12-ஆம் மாதத்தோடு நிறுத்தாமல் ஜனவரி 13 வரை நீட்டி, கூடுதலாக வரும் அந்தப் பதின்மூன்று நாளில் ஜூலியன் குறி உள்ள வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட வேண்டும். கையால் பார்க்க வேண்டிய வரிகள் மிகக் குறைவாகவே மிஞ்சும். அவற்றில் வழக்கத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

பீத்தோவனுக்கு இந்தச் சிக்கல் இல்லை, வேறொன்று. அவர் ஞானஸ்நானம் பெற்றது 17 டிசம்பர் 1770 என்பதற்குத்தான் ஆவணம் உண்டு. பிறந்த நாளுக்கு இல்லை. டிசம்பர் என்பதில் ஐயமில்லை. நாளை மட்டும் ‘ஞானஸ்நானம்’ என்று குறிப்பிட்டு எழுதுவதே நேர்மை.

இனி, இந்தச் சேவை எவ்வளவு திருத்தினாலும் தர முடியாதவை. ரமண மகரிஷி திருச்சுழியில் பிறந்தது 30 டிசம்பர் 1879; ஆங்கிலத் தேதி தெளிவாக இருப்பதால் பட்டியலில் வந்துவிடுவார். ஆனால் திருவண்ணாமலையில் ரமண ஜெயந்தி மார்கழிப் புனர்பூசத்தன்று; சில வருடம் டிசம்பர், சில வருடம் ஜனவரி. குரு கோவிந்த் சிங் பிறந்தநாள் விழா சந்திரமானத் திதிப்படி வருவதால் 2017-இல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இரண்டு முறை வந்தது. நட்சத்திரம் மட்டும் தெரிந்து தேதி தெரியாதவர்கள் இன்னொரு வகை. ராஜராஜனுக்கு ஐப்பசிச் சதயம், ராஜேந்திரனுக்கு ஆடித் திருவாதிரை. மாத எண்ணைக் கொண்டு தேடும் எந்தக் கேள்வியிலும் இவர்கள் பிறந்த மாதத்தில் கிடைக்கமாட்டார்கள். தமிழ்ப் பள்ளிக்கான பட்டியலில் இவர்களைக் கையால் சேர்க்காமல் விட்டால் பட்டியல் அரைகுறைதான்.

திருத்தங்களெல்லாம் போட்டபின் டிசம்பர் எப்படி இருக்க வேண்டும் என்று ஒப்பிட்டுப் பார்க்கச் சில பெயர்கள்: ராஜேந்திர பிரசாத் (3, 1884), ராஜாஜி (10, 1878), அதே 10-இல் ஏடா லவ்லேஸ் (1815), பாரதி (11, 1882), ராமானுஜன் (22, 1887), சரண் சிங் (23, 1902), சார்லஸ் பாபேஜ் (26, 1791), லூயி பாஸ்டர் (27, 1822). 25-ஆம் தேதி தனிக் கூட்டம்: மதன் மோகன் மாளவியா (1861), முகம்மது அலி ஜின்னா (1876), வாஜ்பாய் (1924). கணினிக்கு வடிவம் வகுத்த பாபேஜும், அதற்கு நிரல் எழுதிய ஏடாவும் ஒரே மாதம் என்பது பலகைக்கு அழகான ஜோடி; அவர்களோடு ராமானுஜனையும் சேர்த்தால் ஒரு கணித மூலையே அமைக்கலாம், தேசிய கணித நாளும் 22-ஆம் தேதிதான். இந்தப் பெயர்களில் ஒன்று வராவிட்டால் உங்கள் கேள்வியில் எங்கோ வடிகட்டி இறுகியிருக்கிறது.

தமிழ் விக்கிப்பீடியாவின் நாள் பக்கங்களை இதற்கு மாற்றாகச் சொல்வார்கள். ‘டிசம்பர் 11’ என்று தேடினால் நிகழ்வுகள், பிறப்புகள், இறப்புகள், சிறப்பு நாள் என்று பிரித்த பக்கம் வரும். நல்ல பக்கங்கள்தான், ஈழத்து, மலேசியத் தமிழர்களையும் அங்கே பார்க்கலாம். ஆனால் ஒரு மாதத்துக்கு 31 பக்கம் திறக்க வேண்டும். கட்டுரைகளில் ‘1882 பிறப்புகள்’ என்று ஆண்டுவாரிப் பகுப்பு உண்டே தவிர மாதவாரிப் பகுப்பு இல்லை. கையால் சேர்த்த பட்டியல் என்பதால் யாராவது சேர்த்தால்தான் பெயர் இருக்கும். வினவலில் கிடைத்த பட்டியலோடு ஒப்பிட்டு விடுபட்டவரைப் பிடிக்க இவை போதும். மூலப் பட்டியலாகக் கொள்ள முடியாது. இங்கிருந்து எடுத்து எழுதும்போது அவசரத்தில் நடக்கும் தவறு, பிறப்பும் இறப்பும் இடம் மாறுவது. டிசம்பர் இதற்குப் பேர்போனது: அம்பேத்கர் (6, 1956), பெரியார் (24, 1973), எம்.ஜி.ஆர். (24, 1987) மூவருக்கும் இது நினைவு நாள் மாதம். ராஜாஜி மட்டும் இம்மாதம் பிறந்து, இம்மாதமே 25-ஆம் தேதி (1972) மறைந்தவர்.

விடையைப் பதிவிறக்கும்போது ஒரு எச்சரிக்கை. காற்புள்ளி பிரித்த சிஎஸ்வி கோப்பை எக்செலில் இருமுறை சொடுக்கித் திறந்தால் தமிழ் எழுத்துகள் குப்பையாகத் தெரியலாம். தரவு இறக்குமதி வழியாகப் போய் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். அதைவிடப் பெரிய தொல்லை, எக்செலுக்கு 1900 ஜனவரி 1-க்கு முன் தேதியே கிடையாது. ராமானுஜனின் தேதி வெறும் எழுத்தாகவும் சரண் சிங்கின் தேதி உண்மையான தேதியாகவும் ஒரே பத்தியில் நிற்கும். வரிசைப்படுத்தினால் இரண்டும் தனித்தனிக் கும்பலாகப் பிரியும். கேள்வியிலேயே நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனிப் பத்திகளாக எண் வடிவில் கேட்டு வாங்கிவிட்டால் இந்த வம்பே இல்லை. நாள் பத்தியை வைத்து வரிசைப்படுத்துங்கள். பலகைக்கு வேண்டியதும் அந்த வரிசைதான். நீட்டிச் சேர்த்த ஜூலியன்காரர்களுக்கு மட்டும் பழைய தேதியைக் கையால் இட்டுவிட்டு வரிசைப்படுத்த வேண்டும்.

சரிபார்த்த கேள்வியைக் குறுஞ்சுட்டியாக்கி மற்ற ஆசிரியர்களுக்கு அனுப்பலாம். அவர்கள் மாத எண்ணை மாற்றிக்கொள்ளலாம். டிசம்பரிலிருந்து ஜனவரிக்கு நீட்டிய வரியையும் அந்தந்த மாதத்துக்குத் தகுந்தாற்போல் மாற்றச் சொல்லி ஒரு குறிப்பு எழுதி அனுப்புங்கள். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அன்றைய தரவில் இருந்து புதிதாகவே விடை வரும் என்பதால், போன வருடம் யாரோ திருத்திய தேதியும் தானாக வந்து சேரும். தவறாக யாராவது மாற்றியிருந்தால் அதுவும் வரும். அச்சுக்குப் போகும் முன் முந்தைய வருடக் கோப்போடு ஒப்பிடுவது நல்லது.

படங்களைப் படக்கட்டமாகக் காட்டும் வசதி உண்டு (பி18). பார்க்க அழகாக இருக்கும். கேள்வியைக் கொஞ்சம் மெதுவாக்கும். உரிமம் பற்றி: விக்கித்தரவின் தரவுக்கு எந்த நிபந்தனையும் இல்லை, பெயர்களையும் தேதிகளையும் தாராளமாக அச்சிடலாம். படங்கள் அப்படியல்ல. ஒவ்வொரு படத்துக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் தனிப் பக்கமும் தனி உரிமமும் உண்டு. பழைய ஒளிப்படங்கள் பல பொதுவுடைமையாகிவிட்டவை. சிலைகள், அஞ்சல்தலைகள், அண்மைய ஓவியங்கள் ஆகியவற்றுக்கு எடுத்தவர் பெயரைப் படத்தின் கீழ் போட வேண்டியிருக்கும். பலகையில் ஒட்டுவதற்கு முன் அந்தப் பக்கத்தைத் திறந்து உரிம வரியைப் படித்துவிடுங்கள். இதழில் அச்சிடுவதானால் இது கட்டாயம்.